ஐம்பதைக் கடந்து மலையேறும் மாளிகைப்புறங்களுக்கு

ஆவணி பிறந்துவிட்டது. இன்னும் மூன்று மாதங்களில் கார்த்திகை முதல் நாள். ஆண்டுதோறும் மாலையணியும் குருசாமிகளுக்கு இது புதிதன்று. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் முதன்முறையாக மாலையணியும் தாய்மார்களும் உண்டு. தந்தைக்கும் தமையனுக்கும், பிறகு கணவருக்கும் மகனுக்கும் விரதச் சமையல் செய்து கொடுத்தவர்கள். வாசலில் தேங்காய் உடைத்து அவர்கள் புறப்படுவதைப் பார்த்து நின்றவர்கள். சபரிமலை வழக்கத்தை மதித்து நாற்பது ஆண்டுகள் காத்திருந்து, ஐம்பதைக் கடந்து, மாதவிடாயும் நின்ற பின்னர், "இனி எனக்கும் அழைப்பு வந்துவிட்டது" என்று மகிழ்பவர்கள்.

அந்த மகிழ்ச்சியோடு ஒரு திகைப்பும் சேர்ந்தே வருகிறது. உள்ளம் மலையேறத் துடிக்கும் அதே ஆண்டுகளில்தான் உடல் தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. முன்பு உண்ட அளவே உண்டாலும் ரவிக்கை இறுகுகிறது. பிராகாரத்தை மூன்று முறை வலம் வந்தால் முழங்கால் முறையிடுகிறது. நள்ளிரவில் திடீரென வியர்த்து விழிப்பு வருகிறது. இவற்றையெல்லாம் "வயதாகிவிட்டது" என்ற ஒரு சொல்லால் மூடிவிடுவது நம் வீடுகளின் வழக்கம். ஆன்மிக இதழில் இதைப் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். மலையேறப் போவது இந்த உடல்தானே? அதைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது!

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வராதிருந்தால்தான் அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்கின்றனர். நம் நாட்டுப் பெண்களுக்கு இது பெரும்பாலும் 45 முதல் 50 வயதுக்குள் நிகழ்கிறது. சினைப்பைகள் சுரந்துவந்த ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அதுவரை இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு, இனி வயிற்றைச் சுற்றியும் உள்ளுறுப்புகளைச் சுற்றியும் தங்கத் தொடங்குகிறது. அதே காலத்தில், வயதின் காரணமாகத் தசையும் குறைந்துகொண்டே வருகிறது. ஓய்வாக இருக்கும்போதும் உணவை எரிப்பது தசை என்பதால், தசை குறைந்தால் பழைய அளவு உணவே மிகையாகிவிடுகிறது. ஆகவே, "நான் ஒன்றுமே உண்பதில்லை, ஆயினும் பெருக்கிறேன்" என்று ஒரு தாய் சொன்னால் அதைப் பொய் என்று எள்ளி நகையாட வேண்டாம்.

எடை பார்க்கும் கருவியைவிடத் தையற்காரரின் அளவு நாடா இங்கே அதிகம் உண்மை பேசும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்ட நிலையில் அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது. குறுகிய காலத்தில் எடை கூடி, களைப்பும் மலச்சிக்கலும் சேர்ந்திருந்தால் தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்; எல்லாப் பழியையும் வயதின் மேல் போடுவது சரியன்று.

படியேறும்போது நம் எடையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு சுமையை முழங்கால் தாங்குகிறது. மூன்று மாதங்களில் மூன்று கிலோ குறைத்தாலும், நீலிமலை ஏற்றத்தில் ஒவ்வோர் அடியிலும் ஒன்பது கிலோ சுமை முழங்காலிலிருந்து இறங்குகிறது. மெலிந்தவர்கள் இதைப் படித்து மகிழ்ந்துவிட வேண்டாம். மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பு மிக விரைவாகத் தேய்கிறது. மெலிந்த உடலினருக்கு அந்த ஆபத்து அதிகம். ஈரக்கல்லில் வழுக்கி விழுந்து, கையை ஊன்றிய மணிக்கட்டு முறிவது இந்த வயதில்தான். நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பால், தயிர், எள், முருங்கைக்கீரை ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் பெரும்பகுதி சமையலறையிலேயே கிடைத்துவிடும்.

இனி விரத உணவு. இங்கே சற்று மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. நாற்பத்தொரு நாள் விரதம் இருந்தால் உடல் இளைக்கும் என்றே எல்லோரும் நம்புகிறோம். ஆனால் மண்டல காலம் முடிந்து எடை பார்த்தால் பலருக்கு இரண்டு கிலோ கூடியிருக்கும்! காரணம் எளிது. பகலில் உண்ணாமல் இருந்துவிட்டு, மாலையில் இட்லியும் உப்புமாவும். பஜனை நடக்கும் வீடுதோறும் பொங்கலும் வடையும் பாயசமும். பிரசாதத்தை மறுக்கக் கூடாது என்ற எண்ணம் வேறு. ஜவ்வரிசியும் அவலும் பெரும்பாலும் மாவுச்சத்தே. பிரசாதத்தை மறுக்க வேண்டியதில்லை. ஒரு கரண்டி வாங்கிக் கண்ணில் ஒற்றி உண்டாலும் அது பிரசாதந்தான். தொன்னை நிரம்பினால்தான் அருள் நிரம்பும் என்று எந்தக் குருசாமியும் சொன்னதில்லை. சுண்டல் கிடைத்தால் மட்டும் தாராளமாக உண்ணுங்கள். தசையைக் காக்கும் புரதம் அதில் இருக்கிறது. சைவ உணவினருக்கு ஒவ்வொரு வேளையும் பருப்போ பயறோ தயிரோ இருந்தாக வேண்டும். சோறு குறையலாம், இவை குறையக் கூடாது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், ஒருவேளை உணவு என்ற முடிவைத் தாமாக எடுக்கவே கூடாது. வழக்கமான மாத்திரையை உண்டுவிட்டு உணவைத் தவிர்த்தால் சர்க்கரை அளவு சட்டென்று தாழ்ந்து மயக்கம் வரும். மாலையணியும் முன்பே மருத்துவரிடம் விரத முறையைச் சொல்லி, மாத்திரை நேரங்களை மாற்றி எழுதி வாங்குங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் நடப்பது பற்றியும் கேட்க வேண்டும்.

நடைப்பயிற்சியை இன்றே தொடங்கலாம். முதலில் சமதளத்தில் பதினைந்து நிமிடம். படிப்படியாக வாரத்துக்கு 150 நிமிடம். பிராகாரமே போதும். அதோடு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வதை நாள்தோறும் செய்துவந்தால் தொடைத் தசை வலுப்பெறும். இரண்டாம் மாதம் முதல் அருகிலுள்ள குன்றுக் கோயில் படிகள். ஏறும்போது மூச்சும் இறங்கும்போது முழங்காலும் சோதிக்கப்படும் என்பதால் இரண்டையும் பழகிக்கொள்ள வேண்டும். நெஞ்சில் அழுத்தமோ தாடையிலும் கையிலும் வலியோ தோன்றினால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது பயிற்சிக் குறைவன்று. இதயத்தைப் பரிசோதிக்க வேண்டிய அறிகுறி.

அடுத்து, பெண்கள் தமக்குள்ளும் பேசிக்கொள்ளாத ஒன்று. இருமினால், தும்மினால், படியேறினால் சிறுநீர் கசிகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவும், பழைய பிரசவங்களும், வயிற்றுப் பருமனும் சேர்ந்து இதைத் தருகின்றன. ஆடை தூய்மை கெட்டுவிடும் என்று அஞ்சிக் கோயிலுக்குப் போவதையே விட்டவர்கள் இருக்கிறார்கள். மலைப்பயணத்திலோ வேறு விதமான தவறு நேர்கிறது: வழியில் ஒதுங்க இடம் தேட வேண்டுமே என்று தண்ணீரே குடிப்பதில்லை. வியர்வையும் சேர, நடுவழியில் தலைசுற்றி விழுகின்றனர். சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசைகளை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்திப் பின் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளில் மூன்று தடவை. மூன்று மாதத்தில் பலருக்கு நல்ல மாற்றம் தெரியும். கருப்பை கீழிறங்கியிருப்பதாகத் தோன்றினால் மகளிர் மருத்துவரைக் காண வேண்டும்.

இதுவரை சொன்னவற்றைக் காட்டிலும் முக்கியமான ஒன்று இருக்கிறது. என் பெரியம்மா ஐம்பத்தாறாம் வயதில் முதன்முறை மாலையணிந்தார். விலக்கு நின்று ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. விரதத்தின் இரண்டாம் வாரத்தில் ஆடையில் சிறு கறை. சொன்னால் மாலையைக் கழற்றச் சொல்வார்கள் என்ற அச்சம். நாற்பது ஆண்டுக் காத்திருப்பு வீணாகிவிடுமோ என்ற துயரம். ஒருவரிடமும் சொல்லவில்லை. தீட்டோடு மலையேறிவிட்டோமே என்ற குற்றவுணர்வில், திரும்பி வந்த பின்னும் ஆறு மாதம் வாய் திறக்கவில்லை. பெரும் போக்கு வந்து மயங்கி விழுந்த பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய். நல்வினை, அது கருப்பையைத் தாண்டியிருக்கவில்லை. அறுவைச் சிகிச்சையோடு பிழைத்தார். "சாமிக்குப் பயந்தேன், டாக்டருக்குப் பயப்படவில்லையே, அவரிடமாவது சொல்லியிருக்கலாம்" என்று பிற்பாடு அவரே சொன்னார்.

விலக்கு நின்று ஓராண்டு கடந்த பின் ஒரு துளி குருதி தென்பட்டாலும் அது மாதவிலக்கு அன்று. அதைத் தீட்டு என்று எண்ணி மறைக்கக் கூடாது. பலருக்கு அது வறட்சியாலோ சிறு சதை வளர்ச்சியாலோ வருவதாக முடியும். சிலருக்குப் புற்றுநோயாக இருக்கும். ஸ்கேன் முதலிய பரிசோதனையின்றி எவராலும் வேறுபடுத்த இயலாது. உடற்பருமனுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு: சினைப்பை ஓய்ந்த பின்னும் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குகிறது; அது கருப்பை உட்சுவரை இடைவிடாது தூண்டுகிறது. ஆகவே பருமனானவர்கள் கூடுதல் விழிப்புடன் இருக்க வேண்டும். விழாக்களை முன்னிட்டு விலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் தாமே வாங்கி உண்ணும் பழக்கம் எந்த வயதிலும் நல்லதன்று. ஐம்பதை ஒட்டிய வயதில், பருமனும் இருந்தால், இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. நோயின் அறிகுறியையும் அது மறைத்துவிடும்.

பம்பையிலிருந்து சந்நிதானம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். நீலிமலையும் அப்பாச்சிமேடும் செங்குத்தானவை. சுவாமி ஐயப்பன் சாலை சற்றுச் சாய்வானது. வழியில் அவசர மருத்துவ மையங்கள் அமைக்கிறார்கள். டோலியும் உண்டு. பெரியம்மா இரண்டாம் முறை சென்றபோது டோலியில்தான் ஏறினார். அதில் அவருக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

புறப்படும்போது ஒன்றை மறந்துவிட வேண்டாம். மாத்திரைகளையும் மருத்துவர் சீட்டின் நகலையும் இருமுடிக்குள் வைத்துக் கட்டிவிட்டால் நினைத்த நேரத்தில் எடுக்க இயலாது. தோளில் தொங்கும் தனிப்பையில், தண்ணீர்ப் போத்தலோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பை எங்கே இருக்கிறது என்பதை உடன்வரும் குருசாமியிடமும் சொல்லிவையுங்கள்.