மரத்தடியில் ஒட்டுக் கேட்டவர்கள்

நியூயார்க் நகரத்து ஜனங்கள் கோடைகாலத்தில் காலணாச் செலவில்லாமல் உயர்ந்த நாடகம் பார்க்கும் இடமொன்று உண்டு. சென்ட்ரல் பார்க்கில், ஆமைக் குளம் என்று பெயர் பெற்ற சிறு குளத்தின் கரையிலே, பாறைமேல் நிற்கும் பெல்வடீர் கோட்டையைப் பின்னணியாகக் கொண்டு, ஏறத்தாழ 1,800 பேர் உட்காரக்கூடிய டெலகோர்ட் அரங்கம் 1962-ஆம் வருஷம் முதல் இருந்துவருகிறது. அரங்கத்துக்கு மேலே ஆகாயம்தான் விதானம். லாகார்டியா நிலையத்தை நாடிச் செல்லும் விமானங்கள் தலைக்குமேல் உறுமிக்கொண்டு போகும். குளக்கரைப் புதரிலிருந்து வெளிப்பட்ட ரக்கூன் ஒன்று, கதாநாயகி மனமுருகிப் பேசிக்கொண்டிருக்கும் சமயத்தில், தனக்கும் அந்த நாடகத்தில் ஒரு வேஷம் உண்டென்பதுபோல் மேடையோரமாக நடந்து போவதும் உண்டு.

இத்தனை இடைஞ்சல்களுக்கு மத்தியில் ஷேக்ஸ்பியரின் எந்த நாடகம் மிகவும் சோபிக்கும் என்று கேட்டால், ‘மச் அடூ அபௌட் நத்திங்’ என்ற சிருங்கார ஹாஸ்ய நாடகத்தையே நான் சொல்லுவேன். ‘மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ அல்லவா சோலைக்கு உரியது என்று ரசிகர்கள் ஆட்சேபிக்கக்கூடும். ஆனால் வனதேவதைகளைக் கூரைக்குள்ளேயும் நம்பிவிடலாம். ஒருவர் பேசுவதை மற்றொருவர் மறைந்திருந்து கேட்பதைத்தான் கூரைக்குள்ளே நம்புவது கஷ்டம். மெஸ்ஸினா நகரத்தில் நடக்கும் இந்தக் கதை முழுவதும் ஒட்டுக் கேட்பதனாலேயே நடக்கிறது. விவாகமே வேண்டாமென்று சபதம் செய்து, சந்திக்கும்போதெல்லாம் சொல்லம்புகளால் ஒருவரையொருவர் குத்திக்கொள்ளும் பியாட்ரிஸும் பெனடிக்கும், தன்மேல் மற்றவர் தீராத காதல் கொண்டு உருகுவதாக நண்பர்கள் வேண்டுமென்றே உரக்கப் பேசிக்கொள்ளும் பொய்யைத் தோட்டத்தில் ஒளிந்திருந்து கேட்டு, அந்தப் பொய்யையே மெய்யாக்கிவிடுகிறார்கள். அதே ஊரில், ஹீரோ என்ற கன்னிகையின் ஜன்னலண்டை இரவில் நடந்த வேறொரு கபட நாடகத்தைத் தூரத்திலிருந்து பார்த்து மோசம் போன கிளாடியோ என்ற வாலிபன், மணப்பந்தலிலேயே அவளை நிஷ்டூரமாகப் பழித்துத் தள்ளிவிடுகிறான். ஒரு பொய் இருவரைச் சேர்த்துவைக்க, மற்றொரு பொய் இருவரைப் பிரித்துவிட, கடைசியில் உண்மையை வெளிக்கொண்டுவருகிறவர்களோ, அசட்டுத்தனத்தில் ஒருவரையொருவர் மிஞ்சும் ராக்காவல்காரர்கள். அவர்களும் ஒட்டுக் கேட்டுத்தான் அதைச் சாதிக்கிறார்கள்.

இனிக் காலக்கணக்கைக் கவனியுங்கள். நாடகம் ராத்திரி எட்டு மணிக்குத் தொடங்குகிறது. ஜூன் மாதத்திலோ நியூயார்க்கில் சூரியன் அஸ்தமிக்க எட்டரை மணியாகிவிடும். ஆகவே யுத்தத்திலிருந்து திரும்பும் வீரர்களை வரவேற்கும் முதற்காட்சி நல்ல வெளிச்சத்தில் நடக்கிறது. பெனடிக் மரத்துக்குப் பின்னால் பதுங்கும் வேளைக்கு அந்தி மயங்கத் தொடங்கி, அவன் ஒளிந்திருப்பது நமக்கு நன்றாகத் தெரிந்தாலும் மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியாதிருக்கலாம் என்று மனம் ஒப்புக்கொள்கிற அளவுக்கு நிழல் படர்ந்துவிடுகிறது. இலைகளை விலக்கி எட்டிப் பார்ப்பதும், தன் பெயர் காதில் விழுந்ததும் தலையை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்வதும், சிரிப்பை அடக்க மாட்டாமல் நண்பர்கள் மறுபுறம் திரும்பி இருமுவதுமாக அந்தக் காட்சி நகரும்போது, ஆமைக் குளத்தின்மேல் கடைசி வெளிச்சமும் கரைந்து போயிருக்கும். கபடத்துக்கும் காவல்காரர்களுக்கும் உரிய இராக்காலம் கதையில் வரும்போது, பூங்காவிலும் மெய்யாகவே இருட்டிவிடுகிறது. ஹீரோ மூர்ச்சித்து விழும் ஆலயக் காட்சியில், விளக்கு விழுந்த வட்டத்துக்கு அப்பால் ஒரே அந்தகாரம். பட்டப்பகலில் நாடகமாடிய ஷேக்ஸ்பியரின் கம்பெனியார் இரவைச் சொற்களாலேயே உண்டாக்க வேண்டியிருந்தது; இங்கேயோ சூரியனே உதவிக்கு வருகிறான். ஐந்தாம் அங்கத்தில், கல்லறையருகே தீபங்களை அணைக்கச் சொல்லிப் பொழுது விடிவதாகக் கதை கூறும் இடம் இதற்கு ஒரு விலக்கு. வெளியே பத்தரை மணி இருட்டிருக்க, அந்த விடியலை மட்டும் மின்விளக்குகள் பொய்யாகச் சிருஷ்டிக்க வேண்டும்.

மழை வந்தால் என்ன செய்வது? தூறலுக்கெல்லாம் நாடகத்தை நிறுத்துவதில்லை. மேடை வழுக்கும்படியானால் சற்று நிறுத்தி, தண்ணீரைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். இந்த நாடகத்திலேயே தூறலுக்கு ஒதுங்கும் இரு தூர்த்தர்கள் தங்கள் ரகசியத்தைப் பேசப்போய் அகப்பட்டுக்கொள்வதாக ஒரு காட்சி இருப்பதனால், அந்தக் கட்டத்தில் நாலு துளி விழுந்தால் சபையில் எழும் சிரிப்பை எந்த நடிகனாலும் வருவிக்க முடியாது. அந்தக் காவல்காரர்களின் தலைவன் டாக்பெரியின் பாத்திரம் கெம்ப் என்ற விதூஷகனை மனத்தில் வைத்தே எழுதப்பட்டதென்பதற்கு, 1600-இல் அச்சான பிரதியில் சில இடங்களில் பாத்திரத்தின் பெயருக்குப் பதிலாக நடிகனின் பெயரே விழுந்திருப்பது அத்தாட்சி.

இவ்வளவு சுகத்தையும் ஏழைகளுக்கு இனாமாக்கியவர் ஜோசப் பாப் என்பவர். புரூக்ளினில் குடியேறிய யூதக் குடும்பமொன்றில், பெட்டி செய்யும் தொழிலாளியின் மகனாக 1921-இல் பிறந்த இவர், ஷேக்ஸ்பியர் பணக்காரரின் சொத்தல்ல என்ற பிடிவாதத்தோடு 1954-இல் ஒரு மாதாகோயில் மண்டபத்தில் நாடகப் பயிற்சியை ஆரம்பித்து, பிறகு லாரிமேல் மேடை கட்டி நகரத்தின் பேட்டைகளுக்கெல்லாம் போய் நடித்துவிட்டு, சென்ட்ரல் பார்க்கில் வந்து நிலைகொண்டார். பூங்காக்களின் கமிஷனரும், நகரத்தில் எவரும் எதிர்க்கத் துணியாதவருமான ராபர்ட் மோசஸ், 1959-இல் ஒரு விசித்திரமான நிபந்தனை விதித்தார். ஜனங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து புல் தேய்ந்து மண் கரைகிறதாம். அதைச் செப்பனிட, நாடகத்துக்குக் கட்டணம் வசூலித்தே தீரவேண்டுமாம்! பாப் மறுத்து வழக்குத் தொடுத்தார். முதல் நீதிமன்றத்தில் தோற்று, அப்பீலில் ஜெயித்தார். புல்லின் பேரால் போட்ட வழக்கு புகழின் பேரால் முடிந்தது என்றே சொல்லவேண்டும். ஊர் முழுவதும் பாப்பின் பக்கம் சாய்ந்ததில், நிலையான அரங்கமும் பிறந்தது. பதிப்பாளர் ஜார்ஜ் டெலகோர்ட் 150,000 டாலர் கொடுத்தார். நம் பம்மல் சம்பந்த முதலியார் ‘வாணிபுர வணிகன்’ என்று தமிழாக்கித் தந்த ஷேக்ஸ்பியர் நாடகத்தோடு 1962-இல் திறப்பு விழா நடந்தது.

‘மச் அடூ’ இந்த மேடையில் பலமுறை ஏறியிருக்கிறது. அவற்றுள் 1972-ஆம் வருஷத்துப் பிரயோகம் பிரசித்தமானது. ஏ. ஜே. ஆண்டூன் என்ற இளம் இயக்குநர் கதையை மெஸ்ஸினாவிலிருந்து பெயர்த்து, முதல் உலக யுத்தத்துக்கு முந்திய அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் வைத்தார். பித்தளை வாத்தியங்கள் முழங்கச் சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். காவல்காரர்கள் ஊமைப்படத்துப் போலீஸ்காரரைப்போல் குட்டிக்கரணமடித்தார்கள். சாம் வாட்டர்ஸ்டன் பெனடிக்காகவும், கேத்லீன் விடோஸ் பியாட்ரிஸாகவும் நடித்தார்கள். 2019-இல் கென்னி லியோன் இயக்கியபோதோ, நடிகர் அனைவரும் கறுப்பினத்தார். கதை நிகழ்ந்த இடம் ஜார்ஜியா மாகாணம். வீரர்கள் கையில் பதாகை ஏந்திவந்தார்கள். பியாட்ரிஸ் வேஷம் டேனியல் புரூக்ஸுக்கு. நானூறு வருஷம் கடந்த கதைக்கு இப்படிச் சட்டை மாற்றுவதை முணுமுணுப்பவர்கள் உண்டு. மணமேடையில் ஒரு பெண்ணை அவமானப்படுத்தும் காட்சி எந்தச் சட்டையிலும் ஒரேமாதிரி சுடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

பூங்காவில் வெற்றி பெற்ற 1972 நாடகம் நவம்பரில் பிராட்வேயின் கூரைக்குள் குடியேறியது. 1973 பிப்ரவரியில் சி.பி.எஸ். தொலைக்காட்சி அதை வீடுதோறும் காட்டிற்று. வீட்டிலேயே இனாமாகப் பார்த்தவர்கள் சீட்டு வாங்க வருவதை நிறுத்திக்கொள்ளவே, சில நாளில் நாடகமும் நின்றுபோயிற்று. இனாம் என்ற ஆயுதத்தால் பிறந்த நாடகம் இனாமாலேயே மடிந்ததில் குற்றம் யாருடையதென்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

பெரிய பழுதுபார்ப்புக்குப் பிறகு அரங்கம் 2025 ஆகஸ்டில் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தோடு மறுபடி திறக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கம் போகும் உத்தேசமுள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: சீட்டு இன்றும் இனாம்தான், அன்றன்று நண்பகலில் பூங்காவிலேயே ஆளுக்கு இரண்டு வீதம் கொடுக்கிறார்கள், அதற்காக விடியற்காலையிலிருந்தே ஜமக்காளம் விரித்து வரிசையில் படுத்திருப்பார்கள். நீங்களும் ஒரு ஜமக்காளத்தோடு போங்கள். குடையை மட்டும் விரிக்காதீர்கள், பின்வரிசைக்காரருக்கு மறைக்கும்.