கறுப்புத் துணிக்குள் ஒரு தலை!

"அசையாதீங்க! கண்ணைக் கொட்டாதீங்க! இங்கே பாருங்க... ரெடி!"

இந்தக் குரலைக் கேட்காத குடும்பம் தமிழ்நாட்டில் உண்டா?

உங்கள் வீட்டுச் சுவரைக் கொஞ்சம் பாருங்கள். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். பாட்டியின் முகத்தில் ஒரு மிரட்சி. தாத்தாவின் இரண்டு கைகளும் முழங்காலில் ஒட்டவைத்ததுபோல இருக்கும். பின்னால் ஒரு மாளிகை, படிக்கட்டு, பூந்தோட்டம். அவ்வளவும் திரைச்சீலையில் வரைந்தது!

அந்தப் படத்தை எடுத்தவர் யார்? அட்டையின் அடியில் ஸ்டூடியோவின் பெயரும் ஊர்ப் பெயரும் இருக்கும். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. ஊரில் எல்லார் முகத்தையும் பிடித்துவைத்தவர் அவர். அவருடைய முகம் மட்டும் எந்தப் படத்திலும் இருக்காது!

மலையிலிருந்து இறங்கி வந்தார்கள்

கள்ளக்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். முதலில் தென்னார்க்காடு மாவட்டம். 1993-ல் விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பரில் இதுவே தனி மாவட்டம் ஆயிற்று. ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏற வேண்டும். அடிவாரத்தில் கோமுகி அணை.

மலைமேல் இருப்பவர்களை 'மலையாளி' என்பார்கள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையில் வாழ்வதால் அந்தப் பெயர். பேசுவது தமிழ்தான்.

பஸ் மலையேறாத காலத்தில் கீழே வர நடைதான் வழி. புளி, தேன், கடுக்காய் என்று மலையில் கிடைத்ததைச் சுமந்துகொண்டு இறங்குவார்கள். கையில் கொஞ்சம் காசு வரும். உப்பு, துணி, மண்ணெண்ணெய் வாங்கியது போக மிச்சம் இருந்தால்தான் படம்.

இப்படிப்பட்ட மலையடிவார ஊர்களில் கடைத்தெரு ஸ்டூடியோவுக்கு மதிப்பு அதிகம். ஒரு மனிதர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அங்கே போவார். அந்த ஒரு படம்தான் அவர் பிறந்து வாழ்ந்ததற்குச் சாட்சி. அது கெட்டுப்போனால் மறு படம் கிடையாது!

படம் பிடித்தால் ஆயுள் குறைந்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. மூன்று பேர் சேர்ந்து நின்றால் ஆகாது என்று சொன்னவர்கள் உண்டு. போட்டோக்காரர் இவர்களோடு வாதம் செய்யமாட்டார். நான்காவதாக ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்திவிடுவார். பிரச்சினை தீர்ந்தது!

அரை மணி நேர ராஜா

ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் ஒரு சின்ன அறை. ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா. ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். அது எல்லாருக்கும் பொதுவான கோட்டு! குள்ளமானவர் போட்டால் தொளதொளவென்று இருக்கும். பரவாயில்லை. போட்டோக்காரர் முதுகுப்பக்கம் பிடித்து ஊசி குத்திவிடுவார். முன்பக்கம் கச்சிதமாகத் தெரியும். முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒரு மேசைமேல் ரேடியோப் பெட்டி, பூச்சாடி, டெலிபோன். டெலிபோனுக்குக் கம்பியே இருக்காது. வீட்டில் விளக்கெரிய எண்ணெய் இல்லாதவர், ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல நிற்பார்.

இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருஷம் முழுவதும் குனிந்து வேலை செய்தவர், அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீ எப்படித் தெரிய வேண்டும்?" என்று அவரைக் கேட்ட ஒரே இடம் அதுதானே!

பழைய காமிராவில் படம் உடனே விழாது. மூன்று கால் மரச் சட்டத்தின்மேல் பெரிய பெட்டி. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைப்பார். பின்பக்கக் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும். அதைப் பார்த்துச் சரிசெய்து, தகட்டைச் சொருகி, மூடியைக் கழற்றி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி மூடுவார். அதற்குள் அசைந்தால் முகம் கலங்கிவிடும். தலை ஆடாமலிருக்கக் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவட்டை வைப்பதும் உண்டு. தாத்தாக்கள் ஏன் விறைப்பாக இருக்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

பூ ஜடையும் கண்ணாடியும்

பெண் பிள்ளைக்குப் பூ வைத்துச் சடை பின்னினால் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போவார்கள். இங்கே ஒரு சிக்கல். முகத்தை எடுத்தால் சடை தெரியாது. சடையை எடுத்தால் முகம் தெரியாது. நம் போட்டோக்காரர் என்ன செய்தார்? பின்னால் ஆளுயரக் கண்ணாடியை நிறுத்தினார். முகமும் தெரிந்தது, கண்ணாடிக்குள் பூச்சடையும் தெரிந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இந்தப் படம் இருக்கிறது.

முடியிறக்கும் முன்பு ஆண் குழந்தைக்குப் பாவாடை கட்டி, பொட்டு வைத்து எடுத்த படமும் இருக்கும். பிள்ளை பெரியவனானதும் அதை ஒளித்துவைப்பான். பாட்டி தேடி எடுத்து விருந்தாளிகளுக்குக் காட்டுவாள்.

சாவு வீட்டுக்கும் காமிரா போகும். உயிரோடு இருந்தபோது படமே எடுக்காதவரை, நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு எடுப்பார்கள். சுற்றிலும் பிள்ளைகள் நிற்பார்கள். மூடிய கண்களைத் திறந்ததுபோல வரைந்து தரச் சொன்னவர்களும் உண்டு. அழுகுரலுக்கு நடுவில் நின்று, வெளிச்சம் பார்த்து, கை நடுங்காமல் எடுக்க வேண்டும். லேசான வேலையா அது?

அம்மைத் தழும்பு எங்கே போயிற்று?

படம் எடுப்பது பாதி வேலைதான். மறு பாதி இருட்டறையில்.

அங்கே சிவப்பு விளக்கு மட்டும் எரியும். படம் அச்சிடும் காகிதத்துக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது. அதனால்தான் அந்த நிறம். ஒரு தட்டில் டெவலப்பர், ஒரு தட்டில் தண்ணீர், ஒரு தட்டில் ஹைப்போ. வெறும் வெள்ளைக் காகிதத்தை முதல் தட்டில் போட்டு ஆட்டினால், மெல்ல மெல்ல ஒரு முகம் வரும்.

சித்திரை, வைகாசி வெயிலில் இந்த வேலை நரகம்! பிலிமின்மேல் பூசியிருப்பது ஜெலட்டின். சூடு அதிகமானால் அது இளகிவிடும். முகம் வழிந்துவிடும். மருந்துத் தட்டைப் பனிக்கட்டியில் வைத்து வேலை செய்வார்கள். பிறகு ஹைப்போ போகும்வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். தண்ணீர்ப் பஞ்சத்தில் அரைகுறையாக அலசினால் சில வருஷங்களில் படம் மஞ்சளாகிவிடும். உங்கள் வீட்டுப் படம் பழுத்திருந்தால், பெரும்பாலும் தண்ணீர்ப் பஞ்சத்தைத்தான் குறை சொல்ல வேண்டும்!

அதற்கப்புறம் வருவது பென்சில்.

பெரியம்மை நாட்டை ஆட்டிவைத்த காலம். பிழைத்தவர்களின் முகத்தில் குழிக் குழியாகத் தழும்பு. 1975-ல்தான் நம் நாட்டிலிருந்து அம்மை ஒழிந்தது. அதுவரை, தழும்பு விழுந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம். பெண்ணின் தாய் போட்டோக்காரரிடம் வந்து மெதுவாகச் சொல்வாள்: "கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க, அண்ணே."

அவர் என்ன பண்ணுவார்? நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கறுப்பு வெள்ளையாகத் தெரியும், வெள்ளை கறுப்பாகத் தெரியும். தழும்புக் குழியின் நிழல், நெகட்டிவில் வெளிறிய புள்ளியாக இருக்கும். நெகட்டிவைச் சாய்ந்த பலகையில் வைத்து, அடியில் வெளிச்சம் காட்டி, ஊசிபோலச் சீவிய பென்சிலால் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அடைப்பார். அச்சிட்டதும் அந்த இடம் வெளுத்து, கன்னம் வழவழவென்று வந்துவிடும்!

இது ஏமாற்று அல்லவா என்று கேட்பீர்கள். நேரில் பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியத்தானே போகிறது? ஆனால் படத்தைப் பார்த்தவுடனேயே வேண்டாம் என்று சொல்லாமல், வீடுவரையாவது வந்து பார்ப்பார்கள். அந்தத் தாய் கேட்டது அவ்வளவுதான். ஒரு முகத்துக்கு மணிக்கணக்கில் பென்சில் பிடித்தவருக்கு அதற்கென்று பெரிய கூலியும் இல்லை.

பெயர் இல்லாத முகங்கள்

1839-ல் பிரான்சில் டாகர் என்பவரின் படம்பிடிக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1856-ல் சென்னையில் போட்டோ சங்கமே வந்துவிட்டது. அடுத்த இரண்டு வருஷங்களில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படம் பிடித்தார்.

பிறகு வெள்ளைக்காரர்களின் காமிரா மலைமக்கள் பக்கம் திரும்பியது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு பெரிய புத்தகங்கள் வெளியிட்டார். மலையாளிகளைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். அவர் மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர்! அந்தப் புத்தகங்களில் நிறையப் படங்கள் உண்டு. பெரும்பாலான படங்களின் கீழே சாதியின் பெயர் இருக்கும். நிற்கிற மனிதரின் பெயர் இருக்காது.

கடைத்தெரு ஸ்டூடியோவில் நடந்தது வேறு. அங்கே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். நெகட்டிவின் ஓரத்தில் ஓர் எண். நோட்டில் அதே எண், அதற்கு நேரே பெயர், ஊர், எத்தனை பிரதி, எவ்வளவு பாக்கி. கடன் வசூலிக்க எழுதிய நோட்டுதான். ஆனாலும் அந்த நோட்டில் மலைக்கிராமத்துக்காரருக்கும் பெயர் உண்டு; மிராசுதாருக்கும் பெயர் உண்டு. இரண்டும் ஒரே பக்கத்தில்!

கல்வராயன் மலைக் கிராமங்கள் 1976 வரை ஜாகிர்தார்களின் வசம் இருந்தன. அதற்குப் பிறகுதான் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. இதை நினைத்துப் பார்த்தால் அந்த நோட்டின் அருமை தெரியும்.

அப்புறம் எல்லாவற்றுக்கும் படம் கேட்கும் காலம் வந்தது. பரீட்சைக்குப் படம், சாதிச் சான்றுக்குப் படம், பாங்குக் கணக்குக்குப் படம். 1993-ல் தேர்தல் ஆணையம் வாக்காளருக்குப் படத்தோடு அட்டை என்று உத்தரவு போட்டது. பாஸ்போர்ட் அளவுப் படம் ஸ்டூடியோவுக்குச் சோறு போட்டது. திரைச்சீலை மாளிகை போய் வெறும் நீலத் துணி வந்தது. 2010-ல் ஆதார் வந்தது. அவர்களே காமிராவைக் கொண்டுவந்து அவர்களே எடுத்துக்கொண்டார்கள்!

கண்ணாடி எங்கே போயிற்று?

ஊட்டியில் நம் அரசாங்கமே பிலிம் ஆலை வைத்தது தெரியுமா? ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960-ல் கம்பெனி தொடங்கி, 1967-ல் உற்பத்தி ஆரம்பம். 'இந்து' என்ற பெயரில் பிலிமும் காகிதமும் ஊர் ஊராக வந்தன. வெளிநாட்டுப் பிலிம் கிடைக்காமல் தவித்த சின்ன ஸ்டூடியோக்காரர்களுக்கு அது பெரிய உதவி. பிறகு கலர் வந்தது. கலர்ப் பிலிமைக் கழுவ இருட்டறைத் தட்டு போதாது. லேபுக்கு அனுப்ப வேண்டும். பென்சிலுக்கு வேலை போயிற்று. அப்புறம் டிஜிட்டல் வந்தது. பிலிமுக்கே வேலை போயிற்று. ஊட்டி ஆலையும் மூடப்பட்டுவிட்டது. 2012-ல் அமெரிக்காவின் கோடக் கம்பெனியே திவால் மனு கொடுத்தது. சின்ன ஊர் ஸ்டூடியோ எம்மாத்திரம்?

இதில் வருத்தமான சங்கதி ஒன்று உண்டு.

பழைய நெகட்டிவ்கள் கண்ணாடித் தகடுகள். அவற்றைச் சுரண்டிக் கழுவினால் நல்ல கண்ணாடி கிடைக்கும். சாமி படத்துக்குச் சட்டம் போட உதவும். பிலிமில் வெள்ளி இருக்கிறது. எடைக்கு வாங்க வியாபாரி வருவான். போட்டோக்காரர் காலமானதும் பிள்ளைகள் பார்த்தார்கள். அறை நிறையப் பெட்டி. வாடகை கொடுத்து மாளாது. கழுவியவர்கள் கழுவினார்கள், விற்றவர்கள் விற்றார்கள். அவர்களைத் திட்டிப் பயன் இல்லை. நெகட்டிவைத் தேடி எந்த வாடிக்கைக்காரரும் வரவில்லையே!

தப்பியதைக் காப்பாற்ற ஒரு முயற்சி நடந்தது. 1955-லிருந்து புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2010-களில் இதில் இறங்கியது. ஸோயே ஹெட்லி என்ற ஆய்வாளர் முன்னின்று நடத்தினார். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின், அழியும் ஆவணங்களைக் காக்கும் திட்டம் பண உதவி செய்தது. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களையும் வீடுகளையும் தேடிப்போய், பழைய குடும்பப் படங்களைக் கம்ப்யூட்டரில் பதிவுசெய்தார்கள்.

முகங்கள் தப்பின. பெயர்கள்? நோட்டுப் புத்தகம் பழைய பேப்பர்க் கடைக்குப் போயிருந்தால், தகட்டின் ஓரத்து எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவரும் தர்ஸ்டன் புத்தகத்து மனிதரைப் போலப் பெயரில்லாதவர் ஆகிவிடுகிறார்.

உங்கள் வீட்டில் பழைய படம் இருக்கிறதா? பாட்டி இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, இவர் யார், அவர் யார் என்று கேளுங்கள். படத்தின் பின்பக்கத்தில், ஓரமாக, மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். அழுத்தியும் எழுதாதீர்கள், முகத்தில் தடம் விழும். படம் சட்டத்துக்குள் இருந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கவே கூடாது. அப்படியே ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நிழலில் வைத்து, செல்போனால் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டையின் அடியில் ஸ்டூடியோவின் பெயர் இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.