உயில் எழுதுமுன்

மாணவ நண்பர்களே! உயில் என்ற சொல்லைக் கேட்டதும், ‘அது முதியோர் கவலை, நமக்கென்ன?’ என்று நீங்கள் நினைக்கலாம். வீட்டில் யாரேனும் அந்தப் பேச்சை எடுத்தாலும், ‘நல்ல நாளும் அதுவுமாக இது என்ன பேச்சு?’ என்று பெரியவர்கள் தடுத்துவிடுவார்கள். ஆனால் வீட்டில் பேசாமல் விட்டதைப் பின்னாளில் நீதிமன்றத்தில் பேச நேர்கிறது. ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள் எதிரெதிரே நின்று பேசுகிறார்கள். இந்நிலை வராமல் காப்பதற்கு நம் புதுக்கோட்டையின் வரலாறே ஒரு பாடம் சொல்கிறது.

புதுக்கோட்டையை 1839 முதல் 1886 வரை ஆண்டவர் இராமச்சந்திர தொண்டைமான். தமக்குப் பின் பட்டத்திற்கு வர மகன் இல்லாததால், அவர் 1877-இல் தம் மகளின் மகனைத் தத்தெடுத்துக்கொண்டார். 1886-இல் மன்னர் மறைந்தபோது பேரனுக்கு வயது பத்துதான். ஆயினும் அடுத்த அரசர் யார் என்பதில் ஐயம் எழவில்லை. செய்யவேண்டியதை உரிய காலத்தில், உரிய முறையில் செய்து வைத்ததன் பயன் அது.

அந்தப் பேரனே மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். அவர் 1915-இல் ஆஸ்திரேலிய நாட்டு மங்கையான மோலி பிங்க் என்பவரை மணந்தார். அடுத்த ஆண்டு மகன் பிறந்தான். அம்மகனைப் பட்டத்திற்குரியவனாக ஆங்கில அரசு ஏற்கவில்லை. மன்னர் அயல்நாட்டிலேயே வாழ்ந்து, 1928-இல் பாரிஸ் நகரில் காலமானார். பட்டமோ, தொண்டைமான் குடும்பத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு வயது இராஜகோபால தொண்டைமானுக்குச் சென்றது. தந்தைக்கு மகன்மீது அன்பு குறைவா? இல்லை. அரியணை என்பது அவர் தம் விருப்பப்படி கொடுக்கக்கூடிய பொருளாக இல்லை, அவ்வளவே.

1948 மார்ச் 3-ஆம் நாள் புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. சமஸ்தானங்கள் இணைந்தபோது, அரசுக்குரியது எது, மன்னருக்குச் சொந்தமானது எது என்று பட்டியலிட்டுப் பிரித்தார்கள். அரசர்க்கும் தேவைப்பட்ட அந்தப் பட்டியல், அரை ஏக்கர் நிலமும் ஓர் ஓட்டு வீடும் உடைய உழவர்க்கும் தேவை. வழக்கறிஞரிடம் செல்வதன் முதற் பயன் இதுவே. அழகான சொற்களில் உயில் எழுதித் தருவது அவருடைய தலையாய பணி அன்று. ‘இது உம்முடையதுதானா?’ என்று கேட்பதே தலையாய பணி.

அவர் மூலப்பத்திரத்தைப் பார்ப்பார். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் ஒப்பிடுவார். தாமே சம்பாதித்த சொத்தை ஒருவர் விரும்பியவருக்கு எழுதி வைக்கலாம். பூர்வீகச் சொத்தில் தம் பங்கை மட்டுமே எழுத முடியும். அப்பங்கைக் கணக்கிடும்போது பெண்மக்களை மறந்துவிடலாகாது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்களுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழகம் 1989-இல் சட்டம் செய்தது. அப்போது ஏற்கெனவே மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. ‘அக்காவுக்குத்தான் சீர் செய்தாயிற்றே’ என்பது சட்டத்தின் முன் விடையாகாது.

உயில் இல்லாவிடில் என்ன ஆகும்? இந்து ஆண் ஒருவர் தாய், மனைவி, மகன், மகள் ஆகிய நால்வரை விட்டு மறைந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய தனிச்சொத்து நான்கு சம பங்குகளாகும். தாய்க்கும் பங்குண்டு என்பதைப் பலர் அறியார். முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் வாரிசுரிமை விதிகள் வேறு. ஆகையால் அண்டை வீட்டார் செய்ததைப் பார்த்து அப்படியே செய்துவிடக்கூடாது.

உயிலின் வடிவம் எளியது. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் பதினெட்டு வயது நிரம்பியவராகவும் தெளிந்த மனமுடையவராகவும் இருக்கவேண்டும். அவர் கையொப்பமிட, சாட்சிகள் இருவர் அதை நேரில் கண்டு, அவர் முன்னிலையிலேயே கையொப்பமிடவேண்டும். சொத்துப் பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதிருப்பது நலம். வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவரேனும் நீதிமன்றத்தில் சொல்ல நேரும். எனவே சாட்சிகள் வயதில் இளையவராக இருத்தல் நன்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம் அன்று, ஆயினும் பாதுகாப்பானது. எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். முறைப்படி எழுதிய கடைசி உயிலே செல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உயில் வேறு, தான செட்டில்மெண்டு வேறு. உயில் மறைவுக்குப் பின்னரே பயன் தரும். செட்டில்மெண்டோ பதிவானதும் சொத்தைப் பிள்ளைகளுக்கு உரியதாக்கிவிடும். இவ்வேறுபாடு அறியாமல் கையொப்பமிட்டு, சொந்த வீட்டுத் திண்ணையிலேயே விருந்தாளியான முதியோர் உண்டு. பெற்றோரைப் பேணவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால், பேணாத பிள்ளைக்குக் கொடுத்ததை 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தின்கீழ் மீட்க வழியுண்டு. இந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்காகவே வழக்கறிஞரை நாடலாம்.

‘வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் ஏது?’ என்று கேட்பீர்கள். மாவட்டந்தோறும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களும் குழந்தைகளும் ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் வருமானம் குறைந்தோரும் அங்கே இலவச சட்ட உதவி பெறலாம்.

நண்பர்களே, உங்களில் பலர் உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர்கள். வரும் விடுமுறையில் தாத்தாவின் அருகில் அமர்ந்து, பெட்டியிலுள்ள பத்திரங்களை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். எவை உள்ளன, எவை இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். யாருக்கு எதைக் கொடுப்பது என்பது அவர் முடிவு. அதில் நீங்கள் தலையிடவேண்டா. அந்தத் தாளோடு அவரை வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் மனத்திலுள்ளதை அவர் சொல்லக்கூடிய நாளிலேயே எழுதி வைத்துவிட்டால், பின்னால் அதற்காக உங்கள் அத்தையும் சித்தப்பாவும் வழக்காட வேண்டியிராது.