ஜெர்மன் 'ராக்' இசையில் நம் நாகசுரம்!
பஸ்சில் இந்தியா வந்த 'எம்பிரியோ' குழுவினர்

திருமலையில் ஒலிக்கும் நாகசுர ஓசை, திருப்பதி, சித்தூர் பகுதிகளில் வேலை பார்க்கும் தமிழர்களுக்குச் சொந்த ஊர்க் கோவிலை நினைவூட்டும். அதே நாகசுரம் 1973-ம் ஆண்டிலேயே ஒரு ஜெர்மன் 'ராக்' இசைத்தட்டில் இடம் பெற்றது என்றால் வாசகர்கள் வியப்படையலாம்.

அந்த இசைத்தட்டை வெளியிட்டது 'எம்பிரியோ' என்ற இசைக்குழு. 'கரு' என்பது இப்பெயரின் பொருள்.

மியூனிக் நகரில் தொடக்கம்

மேற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரில், 1969-ம் ஆண்டு கிறிஸ்டியன் புர்க்கார்ட், எட்கர் ஹாஃப்மன் ஆகிய இருவரும் இக்குழுவைத் தொடங்கினார்கள். அப்போது மேல்நாட்டு இளைஞர்களிடையே 'சைக்கடெலிக் ராக்' என்ற இசை பரவியிருந்தது. மின்சார கிதாரும் டிரம்சும் சேர்ந்து, கேட்பவரைக் கனவுலகில் மிதக்கவிடும் இசை அது.

முதல் இசைத்தட்டு 'ஓபல்' 1970-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு 'எம்பிரியோஸ் ராஹே' வந்தது. 1973-ல் வந்த 'வி கீப் ஆன்' இசைத்தட்டில்தான் நாகசுரம் ஒலித்தது.

அதை வாசித்தவர் சார்லி மரியானோ. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்த சாக்சபோன் கலைஞர். 1960-களில் மலேசியா சென்றபோது, அங்குள்ள தமிழர்களின் நாகசுரத்தைக் கேட்டு மனதைப் பறிகொடுத்தார். முறையாகக் கற்றும் கொண்டார். தோட்டத் தொழிலுக்குக் கடல் கடந்த தமிழர்கள் உடன் கொண்டு சென்ற வாத்தியம், இப்படி ஜெர்மனி வரை போய்ச் சேர்ந்தது!

கம்பெனியை நம்பவில்லை

இசைத்தட்டு விற்பனையில் கம்பெனிகள் சொல்வதே சட்டம் என்ற நிலை அங்கும் இருந்தது. எம்பிரியோ குழுவினர் வேறு சில குழுக்களுடன் சேர்ந்து, 1976-ல் தாங்களே ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார்கள். பின்னர் அது 'ஷ்னேபால்', அதாவது 'பனிப்பந்து' என்ற பெயர் பெற்றது. உழைத்தவர்களே முதலாளிகள்!

1978-ல் குழுவினர் பஸ்களில் புறப்பட்டார்கள். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியா வந்தார்கள். வழியெங்கும் அந்தந்த ஊர்க் கலைஞர்களுடன் அமர்ந்து வாசித்தார்கள். இப்பயணத்தின் பலன் 'எம்பிரியோஸ் ரைஸே' என்ற 1979-ம் ஆண்டு இரட்டை இசைத்தட்டு. 'வாகபுண்டன் கரவானே' என்ற திரைப்படமும் உருவானது.

பெங்களூரில் சந்திப்பு

சித்தூரிலிருந்து சில மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் பெங்களூரில், கர்நாடக தாள வாத்தியக் கல்லூரியினரை அவர்கள் சந்தித்தார்கள். மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி 1964-ல் தொடங்கிய கல்லூரி அது. அவருடைய மனைவி ஆர்.ஏ. ராமாமணி பாடகி. சென்னையில் பிறந்த ரமேஷ் ஷோதம், ராக் இசையில் டிரம்ஸ் வாசித்துவிட்டு, இங்கே தவில் கற்றவர். பின்னர் ஜெர்மனியில் குடியேறினார்.

தாளத்துக்கு முதலிடம் தருவது நமக்குப் புதிதல்ல. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் குருவான காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் கச்சேரிகளில், மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று தாளக் கலைஞர்கள் வரிசையாக அமர்வார்கள். அந்த மரபைத்தான் ஜெர்மானியர்கள் பெங்களூரில் கண்டார்கள்.

இரு குழுவினரும் சேர்ந்து உருவாக்கிய 'லைஃப்' இசைத்தட்டு 1980-ல் வந்தது. அதில் எம்பிரியோவின் பெயருக்குப் பக்கத்திலேயே கர்நாடக தாள வாத்தியக் கல்லூரியின் பெயரும் இருந்தது. மரியானோவும் இக்கல்லூரியினருடன் 1983-ல் 'ஜோதி' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார்.

பெயர் போட்டார்களே!

மரியானோ 2009-லும், புர்க்கார்ட் 2018-லும், மணி 2020-லும் காலமானார்கள். புர்க்கார்டின் மகள் மர்யா குழுவின் பொறுப்பை ஏற்றார்.

பெரும்பணம் சேர்த்த குழு அல்ல இது. ஆனால் உடன் வாசித்தவரின் பெயரை மறைக்கவில்லை. நம் வீட்டுத் திருமணத்தில் விடியற்காலையிலிருந்து வாசிக்கும் நாகசுரக்காரரின் பெயரும் தவில்காரரின் பெயரும் நமக்குத் தெரியுமா? கூலியைக் கையில் கொடுக்கும்போது பெயரையும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போமே!