அளவு டேப்பும் அசையும் கொக்கியும்

கொத்தனாரும் தச்சரும் இடுப்பில் செருகியிருக்கும் எஃகு டேப்பின் நுனியில், தகட்டினாலான சிறு கொக்கியொன்று இறுகி நில்லாமல் முன்னும் பின்னும் சற்றே அசைவதைக் கண்டு, உபகரணம் பழுதாகிவிட்டதென்ற அபிப்பிராயத்தில், சுத்தியலால் தட்டி அதை இறுக்கிவிடுவோர் உண்டு. அந்த அசைவு பழுதன்று; பிழை நேராதிருக்கவென்றே செய்த ஏற்பாடு. பலகையின் ஓரத்தில் மாட்டி இழுக்கையில் கொக்கியின் உட்புறமும், சுவருக்குச் சுவர் உள்ளளவு எடுக்கையில் அதன் வெளிப்புறமும் படுகிறபடியால், இரண்டுக்கும் இடையே தகட்டின் கனமாகிய ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் விழும். இழுத்தால் அவ்வளவு வெளிவரவும், அழுத்தினால் அவ்வளவு உட்செல்லவும் கொக்கிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். இறுக்கிய டேப்பில் இவ்விரு வகை அளவுகளில் ஒன்று என்றென்றும் பொய்யே சொல்லும்.

கொக்கி வளைந்த டேப்பானால், 10 சென்டிமீட்டர் கோட்டிலிருந்து அளந்து பின்னர் அந்தப் பத்தைக் கழிப்பது வழக்கம். கழிக்க மறந்தவர்களின் ஜன்னல்கள்தாம் சுவரோடு பொருந்தாமல் நிற்கின்றன.

ஒரு மில்லிமீட்டரை இவ்வளவு பொருட்படுத்த வேண்டுமா என்று கேட்கலாம். தூணிலிருந்து தூணுக்குத் தாவித் தாவி அளக்கும்போது, ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டிலொரு பாகம், ஒரே பக்கமாகப் பிசகினால், எட்டாவது இடைவெளி முடிகையில் ஓர் அங்குலம் சேர்ந்துவிடுகிறது. ஆகையால் டேப்பின் தொடக்கத்தை ஒரே மூலையில் நிறுத்தி, எல்லாத் தூண்களையும் அந்த ஆதியிலிருந்தே குறிப்பது உத்தமம். இதனினும் பெரிய அபாயம் அடியை மீட்டராக மாற்றுவதில் இருக்கிறது: 30.48 சென்டிமீட்டராகிய அடியைச் சுலபத்துக்காக 30 என்று கொண்டால், 40 அடிச் சுவரில் 19 சென்டிமீட்டருக்கு மேல் காணாமற்போகும்.

உஷ்ணமும் கணக்கில் சேரும். 20 பாகை வெப்பத்துக்கென அளவிட்ட 30 மீட்டர் எஃகு டேப், வெயிலில் 40 பாகைக்குச் சூடேறினால் சுமார் 7 மில்லிமீட்டர் நீண்டுவிடுகிறது. நடுவே தொய்ந்தாலோ, உண்மையான தூரத்தைக் காட்டிலும் கூடுதலாகக் காட்டுகிறது.

அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டியபின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுவது நல்ல பரீட்சை. 30க்கு 40 அடி மனையில் இரண்டுமே 50 அடி வரவேண்டும். ஆயினும் டேப்பே நீண்டிருந்தால் மூலைவிட்டங்கள் இரண்டும் ஒன்றுபோல் நீண்டு ஒத்தே வருமாதலால், மண்வெட்டி விழுவதற்கு முன், வேறொரு டேப்பினால் ஒரு பக்கத்தையேனும் மீண்டும் அளந்துவிட வேண்டும்.