கருவிக்கு முந்திய பாட்டு

மெழுகு உருளையில் குரலைப் பதியும் பொனோகிராப் ஒன்றுடன் ஆங்கிலேய மானிடவியலாளர் சார்ள்ஸ் செலிக்மனும் மனைவி பிரெண்டாவும் 1907-08இல் இலங்கையின் கிழக்குக் காடுகளில் அலைந்தார்கள். அங்குள்ள பழங்குடியினரான வேடர்கள் பாடியவற்றை அதில் பிடித்தார்கள். தேனெடுக்கும் பாட்டு, பிள்ளையைத் தூங்கவைக்கும் பாட்டு, செத்துப்போன மூதாதையரின் ஆவியை அழைக்கும் பாட்டு என்று அவை பலவகை. 1911இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்த அவர்களுடைய நூலில் அந்தப் பாடல்களுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதை எழுதியவர் இசை அறிந்த உளவியலாளர் சார்ள்ஸ் மயர்ஸ்.

பாடல்களை அவர் சுரங்களின் எண்ணிக்கைப்படி பிரித்தார். மிக எளியவற்றில் இரண்டே சுரங்கள். அடுத்த வகையில் மூன்று. அதற்கும் அடுத்ததில் நான்காவதும் சேர்கிறது. அயலாரிடமிருந்து மேளத்தை வாங்கிக்கொண்ட குடிகளைத் தவிர்த்தால், வேடரிடம் கருவியென்று ஒன்றும் இல்லை. ஆடுகிறவர்கள் தங்கள் வயிற்றிலும் விலாவிலும் கையால் அறைந்தே தாளம் போட்டார்கள்.

இசையின் பிறப்பைத் தேடிக்கொண்டிருந்த ஐரோப்பிய அறிஞர்களுக்கு இது பெரும் புதையல். வேறொரு பதிவுத் தொகுதியை வைத்து வேடர் இசையை ஆராய்ந்து 1909-10இல் கட்டுரை எழுதிய மக்ஸ் வெர்தைமர், பின்னர் கெஸ்டால்ட் உளவியலை நிறுவியவர்களில் ஒருவரானார். கேர்ட் சக்ஸ் 1943இல் எழுதிய பண்டைய இசை வரலாற்றில், இத்தகைய இரண்டு சுரப் பாடல்களை இசையின் தொடக்கப் படியிலேயே வைத்தார்.

இந்தப் படிவரிசையை அப்படியே ஏற்க முடியாது. 1907-08இல் பாடிய வேடரும் அதைப் பதிந்த செலிக்மனும் ஆதி மனிதனிடமிருந்து ஒரே தூரத்தில்தான் நின்றார்கள். சிங்களவரோடும் தமிழரோடும் நூற்றாண்டுக் கணக்கில் பழகிய மக்களை, காலம் தொடாத மிச்சம் என்று காட்டியது அந்தக் காலத்து அறிவியலின் குறை. ஆனாலும் அந்த உருளைகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. வேட்டைக்கும் தாலாட்டுக்கும் தெய்வத்துக்கும் வேண்டிய அளவு பாட்டை, ஒரு கருவியும் இல்லாமல் ஒரு சமூகம் வைத்திருக்க முடியும். இசையின் பிறப்பைத் தேடுகிறவர் முதலில் மனத்தில் கொள்ளவேண்டிய உண்மை இது.

ஏனென்றால் மண்ணைத் தோண்டினால் கிடைப்பது கருவி மட்டும்தான். ஜேர்மனியின் ஹோல பெல்ஸ் குகையில் 2008இல் கிடைத்த கழுகெலும்புக் குழலில் ஐந்து விரல் துளைகள் இருக்கின்றன. வயது ஏறத்தாழ 40,000 ஆண்டு. சீனாவின் ஜியாஹூவில் கொக்கெலும்புக் குழல்கள் பல கிடைத்தன. அவற்றில் சிலவற்றின் வயது 8,000 ஆண்டுக்கு மேல். துளைகளை இடைவெளி பார்த்து இட்டவர்களுக்கு அதற்கு நெடுங்காலம் முன்பே சுரம் தெரிந்திருக்க வேண்டும். தொண்டையில் பிறந்த பாட்டு எலும்பாக எஞ்சுவதில்லை. மூங்கிலும் தோலும் நம் ஈரமண்ணில் உக்கிவிடும்.

களுத்துறை மாவட்டத்தின் பாகியன் குகையை எடுத்துக்கொள்வோம். அங்கே கிடைத்த எலும்பு முனைகள் 48,000 ஆண்டுகளுக்கு முன் வில்லும் அம்பும் இருந்ததற்குச் சான்று என்று 2020இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆபிரிக்காவுக்கு வெளியே இதைவிடப் பழைய சான்று அப்போது இருக்கவில்லை. மணிகளும் காவிக்கல்லும் அங்கே கிடைத்தன. குழல் கிடைக்கவில்லை. ஆனால் வில் இருந்த இடத்தில் நாண் இருந்திருக்கும், நாணை விட்டால் அது அதிர்ந்து ஒலித்திருக்கும்.

அந்த ஒலியிலிருந்து கருவி பிறந்த கதையைத் தமிழ் மறக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் ஆயனைக் காட்டுகிறார். தீக்கடையும் கோலால் துளையிட்ட குழலை ஊதி ஊதி அவனுக்கு அலுத்துப்போகிறது. உடனே உள்ளீடற்ற குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து மீட்டுகிறான். தம் இனத்தின் ஒலியென்று எண்ணி வண்டுகள் செவிகொடுக்கின்றன. ஒரு கருவி கண்முன்னே உருவாவதை இத்தனை நுணுக்கமாகச் சொல்லும் பழம்பாட்டு அபூர்வம். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வில்யாழ் தொடங்கிப் பழந்தமிழர் யாழ் வகைகளின் அமைப்பைக் கணித்து ‘யாழ் நூல்’ எழுதினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய அந்த நூலின் ஆசிரியர், அடுத்த மாதமே கொழும்பில் காலமானார்.

சரி, தொண்டைக்குப் பாட்டு எப்படி வந்தது? உணர்ச்சி ஏறிய பேச்சே பாட்டாயிற்று என்றார் ஹேர்பர்ட் ஸ்பென்சர். துணையை ஈர்க்க எழுப்பிய ஒலி பேச்சுக்கும் முந்தியது என்று 1871இல் எழுதினார் டார்வின். இன்று தாலாட்டின் பக்கம் பார்க்கிறவர்கள் பலர். 86 சமூகங்களின் பாடல்களிலிருந்து 14 விநாடித் துண்டுகளை 60 நாடுகளைச் சேர்ந்த 750 பேருக்குப் போட்டுக்காட்டிய ஆய்வு 2018இல் வெளியானது. மொழி தெரியாமலே, எது தாலாட்டு, எது ஆட்டப்பாட்டு என்று அவர்கள் பெரும்பாலும் சரியாகவே ஊகித்தார்கள். கொழும்பை அடுத்த ஒருகொடவத்தையில் இது யாருக்கும் புதுச் செய்தியாக இராது. கொள்கலன் லொறிகளின் இரைச்சல் நடுவே, அடுத்தடுத்த வீடுகளில் தமிழிலும் சிங்களத்திலும் தாய்மார் பிள்ளையைத் தூங்கவைக்கிறார்கள். சொற்கள் வேறு, குரல் தணிந்து, இழுத்து, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவது இரண்டிலும் ஒன்றுதான்.

வேடர் பாட்டுக்குத்தான் பாடுபொருள் கைவிட்டுப் போனது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அவர்களின் வேட்டைக்காடு பூங்கா எல்லைக்குள் போய்விட்டது. வேட்டைக்கும் தேனுக்கும் போவது சட்டப்படி குற்றமாயிற்று. வாகரை, மூதூர்ப் பக்கத்துக் கரையோர வேடர் தமிழே பேசுகிறார்கள்; அவர்களுடைய சடங்குப் பாட்டுகளையும் பழைய தலைமுறையே தாங்கி நிற்கிறது.

செலிக்மனின் உருளைகள் லண்டனில், பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. அவற்றின் பிரதிகள் வேடர் வாழும் தம்பானைக்கும் வாகரைக்கும் வரவேண்டும். மட்டக்களப்பில் விபுலாநந்தர் பெயரிலேயே அழகியற் கற்கைகள் நிறுவகம் ஒன்று இயங்குகிறது. அங்கே இசை படிக்கும் பிள்ளைகளின் பாடத்தில் இந்த இரண்டு சுரப் பாடல்களும் இடம்பெறவேண்டும்.