பேச்சுக்கு உள்ள காப்பு இருப்பிடத்துக்கு இல்லை

சாதி கடந்து மணம் செய்துகொண்டு ஊரை விட்டு வெளியேறும் இணையருக்குப் பிறர் அறியக்கூடாத செய்தி ஒன்றுதான்: அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது. என்ன பேசினார்கள், யாரிடம் பேசினார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஆனால் நம் சட்டம் இதைத் தலைகீழாக வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. அலைபேசியில் பேசும் சொல்லுக்கு ஓரளவு காப்பு உண்டு. பேசுபவர் நிற்கும் இடத்துக்கு ஏறக்குறைய இல்லை.

முதலில் அந்தத் தகவல் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். அழைப்போ குறுஞ்செய்தியோ நிகழும்போது எந்தக் கோபுரத்தின் வழியாக அது சென்றது என்பது நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறுகிறது. காவல் நிலையங்களில் 'சி.டி.ஆர்.' என்று வழங்கும் அழைப்பு விவரப் பதிவு இதுதான். கோபுரங்கள் நெருக்கமாக உள்ள நகரத்தில் அது சில தெருக்கள் வரை நெருங்கிவிடும். சிற்றூரில் சில கிலோமீட்டர் வட்டத்தையே காட்டும். சிம் அட்டையை மாற்றினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். கருவிக்கே உரிய ஐ.எம்.இ.ஐ. எண்ணும் பதிவாவதால், பழைய கருவியில் புதிய சிம்மைப் போட்டாலும் தடம் தொடரும். 2021 டிசம்பரில் திருத்தப்பட்ட உரிம நிபந்தனைப்படி நிறுவனங்கள் இப்பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

ஒருவரது உரையாடலை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலாளர் நிலையிலான ஆணை தேவை; அதை ஒரு மறுஆய்வுக் குழு பரிசீலிக்க வேண்டும். மக்கள் குடிமை உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தக் கட்டுப்பாடுகளை வகுத்தது. இருப்பிடத்தைக் காட்டும் பதிவோ வெறும் 'ஆவணமாக'க் கருதப்படுகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு. விசாரணைக்குத் தேவை என்று காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி கருதினால் எழுத்துவழி ஆணையிட்டு ஆவணத்தைக் கேட்கலாம் என்பதே அதன் சாரம். நீதிபதி ஒருவர் முன்கூட்டியே பார்த்து அனுமதிக்க வேண்டியதில்லை. 2013இல், அப்போது மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜெட்லியின் அழைப்புப் பதிவுகளைச் சிலர் முறைகேடாகப் பெற முயன்றது வெளியானது. அதன் பிறகே, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி வழியாகத்தான் இப்பதிவுகளைக் கேட்க வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் வழிகாட்டியது. அதுவும் நிர்வாக வழிகாட்டுதல்தான், சட்டமன்று. சேரியிலிருந்து வந்த ஒருவரின் பதிவு கசிந்திருந்தால் அந்த அளவு அசைவாவது இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

நடைமுறையில் இது எப்படித் திரும்புகிறது? மகள் தலித் இளைஞரை மணந்துகொண்டு சென்றுவிட்டால், குடும்பத்தார் முதலில் நாடுவது காவல் நிலையத்தை. 'பெண் காணவில்லை' என்று வழக்குப் பதிவாகிறது. தேடுவதற்காகக் கோபுர விவரம் கேட்கப்படுகிறது. இதுவரை எல்லாம் முறைப்படியே. அந்த விவரம் நிலையத்துக்கு வந்த பின் யார் கண்ணில் படுகிறது, யார் காதுக்குப் போகிறது என்பதில்தான் உயிர் தொங்குகிறது. யார் பார்த்தார்கள் என்ற பதிவேட்டை இணையருக்குக் காட்டும் கடமை எவருக்கும் இல்லை. தம் இருப்பிடம் கேட்கப்பட்டது என்பதே அவர்களுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை.

அரசமைப்புச் சட்டம் இதற்கு இடந்தரவில்லை என்பதே என் வாதம். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் 21ஆவது உறுப்பின் பகுதி என்று அறிவித்தது. அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டம், நியாயமான நோக்கம், நோக்கத்துக்குத் தகுந்த அளவு ஆகிய மூன்றும் வேண்டும். 2024 ஜூலை 8இல் பிராங்க் விட்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் நெருங்கி வந்தது. பிணையில் செல்பவர் கூகுள் மேப்பில் தம் இடத்தைக் குறித்து விசாரணை அதிகாரிக்குத் தெரியச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை அது நீக்கியது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் நடமாட்டத்தையே காவல் துறை இடைவிடாமல் கண்காணிக்கக் கூடாது என்றால், எக்குற்றமும் செய்யாத இரு வயதுவந்தோரின் நடமாட்டம் மட்டும் எப்படித் திறந்து கிடக்கலாம்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் கார்பென்டர் வழக்கில், ஒருவரின் 127 நாள் கோபுரப் பதிவுகளை எடுத்ததை ஆராய்ந்து, இதற்கு நீதிமன்றப் பிடியாணை வேண்டும் என்று பொதுவிதியாகக் கூறியது. நம்மிடம் அப்படியொரு தீர்ப்பு இல்லை. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, குற்றத் தடுப்புக்கும் விசாரணைக்கும் பரந்த விலக்களித்து ஒதுங்கிக்கொண்டது.

இருக்கும் கருவிகளைக் கொண்டு என்ன செய்யலாம்? சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் அடங்கிய சிறப்புப் பிரிவு அமைக்க உத்தரவிட்டது. இணையர் அப்பிரிவிடம் மனு கொடுக்கும்போது பாதுகாப்பை மட்டும் கேட்டு நிறுத்தக் கூடாது. தாங்கள் வயதுவந்தவர்கள், விருப்பப்படி சென்றுள்ளோம், தங்கள் அழைப்புப் பதிவையோ கோபுர இருப்பிடத்தையோ குடும்பத்தார் உள்ளிட்ட எவருக்கும் தெரிவிக்கக் கூடாது என்று தனி வேண்டுகோளாக எழுத வேண்டும். உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்பு மனு போட்டாலும் இதே வரி இடம்பெற வேண்டும். ஆட்கொணர்வு மனுவில் நேர்நின்றாலும், தற்போதைய முகவரியைத் திறந்த மன்றத்தில் பதிய வேண்டாம் என்று கேட்கலாம். கசிந்த பிறகானால், 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவு இருக்கிறது: நிறுவனத்தின் அழைப்புப் பதிவுகளை அதிகாரமின்றி அணுகுவதும் கைமாற்றுவதும் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். முறைப்படி பெற்ற தகவலை உறவினரிடம் சொன்ன காவலருக்கும் இது பொருந்தும் என வாதிட இடமிருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகள் பிறழும்போது, கொலையாளி அந்த இரவில் அவ்விடத்தில் இருந்தான் என்று காட்ட அதே கோபுரப் பதிவுதான் மிஞ்சுகிறது. ஆகவே இத்தகவலை விசாரணைக்கு முற்றாக மூட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கேட்பது நடுவரின் முன் ஆணை, எழுத்தில் காரணம், பார்த்தவர் யார் என்ற பதிவேடு. அவசரமானால் முதலில் எடுத்துவிட்டு உடனே நடுவரிடம் ஒப்புதல் பெறலாம்.

வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டோர் தரப்பு நினைவில் கொள்ள வேண்டியது அந்த 2 ஆண்டு வரம்பை. விசாரணை தொடங்கும் முன்பே பதிவுகள் அழிந்துவிடக்கூடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(4) பிரிவு, ஆவணங்களை வரவழைக்கச் சிறப்பு நீதிமன்றத்தில் மனுச்செய்யும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கே தருகிறது. முதல் தகவல் அறிக்கை பதிவான வாரத்திலேயே, குறிப்பிட்ட எண்களையும் நாட்களையும் எழுதி, பதிவுகளைப் பாதுகாத்து வைக்குமாறு விசாரணை அதிகாரிக்குக் கடிதம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அவர் அசையவில்லையென்றால் அச்சீட்டின் நகலை இணைத்துச் சிறப்பு நீதிமன்றத்தில் மனு போடலாம்.